மூடிய நாற்பதாவது நிமிடம்

மழை வந்தால் முதலில் கரியைக் காப்பாற்ற வேண்டும். இறைச்சி நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். கரி நனைந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆகவே அன்று பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, வானம் பொத்துக்கொண்டு ஊற்றத் தொடங்கியபோது, தொண்ணூறு கிலோ ஸ்மோக்கரை இரண்டு கைகளாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு நான் ஓடியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திடல் முழுக்க எல்லோரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

சக்கரம் ஒன்று தரைவிரிப்பில் சிக்கிக்கொண்டது. உதைத்து விடுவித்தேன். பின்னால் யாரோ, "பாத்துங்க, மூடி சுடும்" என்று கத்தினார்கள். சுடத்தான் செய்தது. அதை நினைவில் வையுங்கள் ஐயா. நான் மறக்கவில்லை.

ஸ்மோக்கர் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கிரில்லில் நெருப்பு நேராக இறைச்சியைத் தொடும். ஸ்மோக்கரில் தொடாது. மெல்லிய சூட்டிலும் புகையிலும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கிடந்து வேகும். பொறுமைக்காரன் அடுப்பு. நானும் பொறுமைக்காரன் என்றுதான் என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்.

அடுப்புக் கண்காட்சி என்பது எங்கள் தொழிலின் ஆண்டுத் திருவிழா மாதிரி. சிறந்த புது அடுப்புக்கு நடுவர்கள் பரிசும் கொடுப்பார்கள். உள்ளே கூடத்தில் புது அடுப்புகள் நெருப்பில்லாமல் பளபளவென்று நிற்கும். கைபேசியில் தட்டினால் தானே சூட்டைக் கூட்டிக்கொள்ளும் கிரில், மரத்தூள் உருண்டைகளைத் தானே எடுத்துத் தின்னும் ஸ்மோக்கர், பன்னிரண்டு பர்னரோடு விமானம் மாதிரி இறக்கை விரித்த ஒன்று. வாங்குகிறவனுக்குச் சமைக்கத் தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. கொளுத்திக் காட்டுவதெல்லாம் வெளியே, திடலில்.

திடலுக்கு ஒரே ஒரு சட்டம். காட்டி முடித்ததும் கரியை நடுவில் இருக்கும் தண்ணீர்ப் பீப்பாயில் கொட்ட வேண்டும். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு காவலர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கம்பியில் கோத்த நீல அட்டை ஒன்று தருவார். கைப்பிடியில் நீல அட்டை தொங்கினால்தான் அடுப்பு கூரைக்குள் வரலாம். இல்லாவிட்டால் மழையோ இடியோ, வெளியேதான்.

என் ஸ்மோக்கருக்கு இந்தச் சட்டம் ஓர் அவமானம். ஏனென்றால் அது தானே அணைந்துகொள்ளும் ஸ்மோக்கர். ஒன்பது வருடம் அதற்காக உழைத்தேன். மூடியைச் சாத்தி இரண்டு காற்றுத் துவாரங்களையும் திருகி அடைத்தால் காற்று போகாது. காற்றில்லாமல் நாற்பது நிமிடத்தில் கரி செத்துவிடும். தண்ணீர் வேண்டாம், சாம்பல் வாரி இறைக்க வேண்டாம், மிச்சக் கரியை மறுநாளும் எரிக்கலாம். எங்கள் ஸ்டால் முகப்பில் இதைத்தான் எழுதியிருந்தோம்: 'மூடினால் நாற்பது நிமிடத்தில் அணையும்.'

கூட்டத்தைக் கூட்டியது நான் இல்லை. என் மனைவியின் தம்பி. எனக்கு வாய் இல்லை, அவனுக்கு வாய் மட்டும்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மூடியைத் தட்டித் தட்டிப் பேசுவான்.

"இது நம்ம வீட்டு மாமியார் மாதிரி இல்லீங்க. மூடுன்னா மூடிக்கும். நாப்பதே நிமிஷம், கோவம் அடங்கிடும்!"

கூட்டம் சிரிக்கும். அடுத்த நிமிடம் விலை கேட்கும். அவன் இல்லாமல் நான் ஒரு தகர டப்பாவைக்கூட விற்றிருக்க மாட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் காலையில் நெருப்புப் போட அவன்தான் முதலில் திடலுக்குப் போனான். நான் போனபோது மூடியைத் திறந்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, நேத்து சாயங்காலம் கொட்டாம மூடி வெளியவே விட்டது. இப்பத் திறந்தா உள்ள செக்கச்செவேல்னு முழிச்சுப் பாக்குது."

"ஈரக் கரியா இருக்கும் மாப்ள."

"ஈரக் கரி அணைஞ்சு தொலையும் மாமா, முழிக்காது. இது ஒண்ணுதான் இப்படியா, எல்லாமே இப்படியா?"

எல்லாமே இப்படித்தான் என்று எனக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும். மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் நாடா வழியாக மயிரிழை அளவு காற்று போகிறது. நெருப்பு வளர அது போதாது. ஆனால் சாகாமல் இருக்கப் போதும். அரைகுறையாக எரியும் கரி கக்கும் வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. மூடிய அறையில் ஆளைச் சத்தமில்லாமல் சாய்க்கும். சோதனை அறிக்கையில் நாற்பது நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

"நடுவருங்க மூணு மணிக்கு வர்றாங்கல்ல? நானே சொல்லிடறேன்" என்றான் அவன். "பரிசை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம் மாமா. எவனாவது அணைஞ்சு போச்சுன்னு நம்பி வீட்டுக்குள்ள தள்ளிட்டுப் படுத்துட்டான்னா?"

"ஒன்பது வருஷம்டா."

"ஒன்பதோட ஒண்ணு பத்து. அக்கா உங்களைப் பொறுத்துக்கிட்டதை விடவா? விடுங்க மாமா."

தோளில் தட்டினான். கோபமே இல்லை அவனிடம். மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்றரை மணிக்குத் தலைவலிக்கிறது என்றான். விடியலுக்கு முன் எழுந்தவன் இல்லையா. எங்கள் ஸ்டாலுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு. எங்களுக்கும் பக்கத்து ஸ்டால்காரருக்கும் பொது. ஜன்னல் இல்லை. அதன் கதவு திடல் பக்கம் திறக்கும். ஸ்டாலுக்கும் அதற்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மூலையில் விரித்துக் கொடுத்தது நான். "நடுவருங்க வந்தா எழுப்பிடுங்க மாமா, தப்பிச்சுடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே படுத்தான்.

முதல் நாள் விசாரணையில் உங்களிடம், அவன் உள்ளே இருந்தது எனக்கு நினைவே இல்லை என்று சொன்னேன். கவனக்குறைவு என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

மழை வந்தபோது பக்கத்து ஸ்டால்காரர் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். எந்நேரமும் கை கறுத்தே இருக்கும் மனிதர். கரிக்கை என்றுதான் எங்கள் தொழிலில் பெயர். பீப்பாயில் கரியைக் கொட்டினார், நீல அட்டையை வாங்கினார், தன் கிரில்லைச் சாமான் அறைக்குள் தள்ளிவிட்டு மிச்சச் சாமானைத் தன் ஸ்டாலுக்குள் சேர்க்க ஓடினார். நானும் கொட்டியிருக்கலாம். பீப்பாய் பத்தடியில் இருந்தது. ஆனால் கூரையின் கீழே நடுவர்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடினால் அணையும் என்று எழுதி வைத்துவிட்டு நானே தண்ணீரில் கொட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் இடத்தில் யாரும் கொட்டியிருக்க மாட்டார்கள்.

சாமான் அறைக்குள் போய்க் கரிக்கையின் கிரில்லில் தொங்கிய அட்டையைக் கழற்றினேன். என்னுடையதில் மாட்டினேன். சிவப்புத் தொப்பிக்காரர் மழைக்குக் கண்ணை இடுக்கி நீல நிறத்தைப் பார்த்தார், தலையாட்டினார். உள்ளே தள்ளினேன். மூலையில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் காலில் இடிக்காமல் இருக்க ஸ்மோக்கரைச் சற்றே திருப்பி நிறுத்தினேன். அவ்வளவு கவனமாக இருந்தேன். காற்றில் கதவு படபடவென்று அடித்தது, தூங்குகிறவனுக்குத் தொந்தரவு. ஆகவே வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை ஐயா. மூன்று மணிக்கு அவன் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். தலைவலிக்காரன் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும் என்று. அதற்கு மேல் ஒரு நொடியும் யோசிக்கவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நடுவர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். மூன்றேமுக்காலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் வாங்குகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாலரைக்குத்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

பத்திரிகையில் என் படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். மழையில் நனைந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடி வருகிற படம். எழுதியவர் மனமுருகி எழுதியிருந்தார். அவர் எழுதாத ஒன்று, அவருக்குத் தெரியாத ஒன்று: அந்த அறையிலிருந்து நான் முதலில் வெளியே இழுத்தது ஸ்மோக்கரை. பீப்பாய்க்குத் தள்ளிக்கொண்டு போய், உள்ளே சிவந்து கிடந்ததையெல்லாம் கொட்டி, புஸ்ஸென்று அடங்கும் வரை நின்று பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகுதான் அவனுக்காகத் திரும்பிப் போனேன். அதற்குப் பிறகுதான் "யாராவது வாங்களேன்" என்று கத்தினேன். இரண்டு நிமிடம் முன்னால் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீங்கள் வந்து பார்த்தபோது என் ஸ்மோக்கர் குளிர்ந்து, நீல அட்டையோடு, நல்ல பிள்ளையாக நின்றது. உள்ளே இருந்த கரிக்கையின் கிரில்லில் அட்டை இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். பதினோரு நாளாக அவர் உள்ளே இருக்கிறார். "நான் கொட்டினேங்க, அட்டை வாங்கினேங்க" என்று அவர் அழுதபோது எதிரில் நின்றவன் நான். சிவப்புத் தொப்பிக்காரர் அத்தனை பேருக்குக் கொடுத்த அட்டையில் யாரை நினைவு வைத்திருப்பார்? கரிக்கையை விட்டுவிடுங்கள். அவர் சட்டப்படி நடந்துகொண்ட மனிதர்.

பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கரிக்கைக்காகத்தான் இன்று வந்தேன் என்று வாசலில் உங்கள் எழுத்தரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி, என் மனைவி. தம்பி போன துக்கத்திலும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சாப்பிடுவதில்லை என்பதுதான் இப்போது அவளுக்குப் பெரிய கவலை. எதை வாயில் வைத்தாலும் புகை வாசம் வருகிறது, வாசமே இல்லாத ஒன்று அவனைக் கொன்றிருக்கும்போது. நேற்று இரவுச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க" என்றாள். "அவன் தூக்கத்துலயே போயிட்டானா? முழிச்சுக்கிட்டானா?"

"தூக்கத்துலதான்."

"முழிச்சிருந்தா உங்களைத்தான் கூப்பிட்டிருப்பான். சின்ன வயசுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் மாமாதானே அவனுக்கு. உங்க காதுல விழுந்திருந்தா கதவை ஒடைச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

சொல்லிவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அவளிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவள் காதுக்கு எப்படியும் போகும்.

மூன்றேகால் இருக்கும். மதியத்திலேயே எடுத்து வைத்திருந்த இறைச்சியைப் பலகையில் வைத்து நடுவர்களுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். மூவரில் மூத்தவர் ஓர் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். என் முதுகுக்குப் பின்னால் பலகைச் சுவரில் ஏதோ உரசியது. பிறகு உள்ளங்கையால் தட்டுகிற சத்தம், பலமே இல்லாமல். பிறகு குரல். "மாமா" என்றான். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும், "மாமா, கதவு..." என்றான்.

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். "உள்ள யாரோ உங்களைக் கூப்பிடுற மாதிரி இருக்கே?"

"எங்க மச்சினன்தாங்க" என்றேன். "தூக்கத்துல உளறுவான். முழிச்சுக்கிட்டு இருந்தா இதை விட மோசம்."

மூவரும் சிரித்தார்கள். அவனுடைய நகைச்சுவையில் ஒன்றை நான் சொல்லிச் சிரிப்பு வாங்கியது அதுதான் முதல் தடவை. மூன்றாம் முறை அவன் கூப்பிட்டபோது, அது அவர்கள் காதில் விழாதபடி குரலைச் சற்று உயர்த்தி, நாற்பது நிமிடத்தில் கரி எப்படி அணைகிறது என்று விளக்க ஆரம்பித்தேன்.