அறுபத்தொன்றாம் நம்பர் லாரி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் துணிப்பை வைத்திருந்தாள்.

"நம்பரப் பாத்துட்டு ஓடியிருக்காருக்கா எங்க வூட்டுக்காரரு."

"என்னடி நம்பரு?"

"லாரி நம்பரு. மெட்ராசுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயி இருவது நாளாச்சு, பேச ஒரு ஆளு இல்ல. எதுத்தாப்புல டி.என். அறுபத்தொண்ணு போட்ட சிமெண்ட் லாரி வந்து நின்னுருக்கு. அரியலூரு வண்டின்னு ரோட்டுல குறுக்க ஓடுனாரு. காரு அடிச்சிருச்சு."

"கூறுகெட்ட மனுசன்! இங்க இருந்தப்ப லாரிப் புழுதிய வையாத நாளு உண்டா?"

"முட்டிக்குக் கீழ கால எடுக்கணுமாம்க்கா. கையெழுத்துப் போடத்தான் பெரம்பலூருல மெட்ராசு பஸ் புடிக்கப் போறேன்."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு யாருடி தூக்கிட்டுப் போனது?"

"அந்த லாரிக்காரன்தான். ரத்தம் ஒழுக ஒழுக இவரு அவங்கிட்ட, 'ஊருல மழ உண்டா தம்பி'ன்னு கேட்டிருக்காரு. அவன், 'நல்ல மழைண்ணே'ன்னு சொன்னானாம்."

"நம்மூருல எங்கடி பேஞ்சுது?"

"வண்டி நம்பருதான் அரியலூரு, அவன் சேலத்துக்காரன்க்கா. அரியலூருக்குள்ள வந்ததே இல்லியாம்."