துணி காயப் போடும் கொட்டகை

மேடையில் இருக்கும் பெரியோர்களே, ரெட்டியார்பாளையத்து உறவுகளே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பூர்ணிமா, எல்லோருக்கும் செல்வாம்பாளின் வணக்கம். எனக்குப் படிப்பு இல்லை. ஞாபகம் உண்டு. இன்று அது சிலருக்குக் கசக்கும்.

நம் நகராட்சி ஓவர்சியர் ஹரிகிருஷ்ணன் ஐயாவை இங்கே மூன்று பேர் தியாகி என்றார்கள். உயிரோடு இருந்தபோது அதே மூன்று பேர் அவரை என்னவென்று அழைத்தார்கள்? நான் சொல்லவா?

பதினோரு வருஷத்துக்கு முன்பு, இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவதற்குத் தகரம் போட்டோம். தகரத்துக்கு உள்ளே மெல்லச் சுவர் எழுப்புவதுதானே நம் தெரு வழக்கம்? ஐயா என் வீட்டுக்கும் ஏறி வந்தார்.

"துணி காயப் போட்ற கொட்டகை சார்" என்றேன்.

"துணிக்கு எதுக்கு ஆயா ஒம்போது அங்குலச் சுவரு? அஸ்திவாரம் ரெண்டு மாடியத்தான் தாங்கும். புயல் வந்தா யார் தலையில விழும்?"

"கவர் வரலன்னு கடுப்பு உனக்கு. போய்யா."

நான் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான், அவர் லஞ்சம் கேட்டதாகப் போட்ட மனுவில் முதல் கைநாட்டு வைத்தேன். மனுவை எழுதியவர் யார்? மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் ராஜவேல். ஐயாவை எங்கேயோ ஆந்திரா பக்கம் இருக்கும் ஏனாமுக்குத் தூக்கியடித்தார்கள். அடுத்து வந்த அதிகாரி படியே ஏறவில்லை.

போன மாதப் புயலில் ராஜவேல் வீட்டு மூன்றாவது மாடி பிளந்தது. ஓய்வு பெற்று எதிர்வீட்டில் இருந்த ஐயாதான் ஓடிப்போய்க் குடித்தனக்காரர்களை வெளியே அனுப்பினார். எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை.

பிறகு இன்சூரன்ஸ்காரர் வந்தார். "அனுமதி ரெண்டு, இடிஞ்சது மூணாவது" என்று பணம் தர மறுத்து ஃபைலை மூடினார். "பத்து வருஷமா பிரீமியம் கட்னேன், ஏமாத்திட்டான்" என்று சாவு வீட்டில் நின்று ராஜவேல் புலம்பினார். ஏமாற்றியது யார்? கட்டும்போது ஐயா கொண்டுவந்த அளவு நாடாவை விரட்டினோம். இடிந்த பிறகு அதே நாடாவை இன்சூரன்ஸ்காரர் கொண்டுவந்தார். அவரை விரட்ட முடிந்ததா?

தெருவுக்கு ஐயா பெயர் வைக்கத் தீர்மானமாம். அவர் பெயர்ப் பலகை மேலேயும் ஒரு சுவர் விழட்டும் என்றா?

பூர்ணிமா, நாளைக் காலை என் மூன்றாவது மாடி இறங்குகிறது. கைநாட்டு வைத்த இந்தக் கைதான் முதல் அடியும் அடிக்கும். மனுவில் எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர். அந்த வரிசை எனக்கு மனப்பாடம். இரண்டாவது பெயர் உன்னுடையது, ராஜவேல். உன் வீட்டில் பாதிச் சுவர் இன்னும் தொங்குகிறது.

என் வேலை மதியத்துக்குள் முடியும். கடப்பாறையை எடுத்துக்கொண்டு நேரே உன் வாசலுக்கு வருகிறேன்.