புது லேப்டாப்பை அப்பாவுக்கே அனுப்பிடு

அங்கயே வெச்சிடும்மா ஜோலீன். பொட்டியப் பிரிக்காத. பிரிச்சா கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான். இல்ல, கோவமெல்லாம் இல்ல. உங்கப்பன் ராலண்ட் அரிசோனாவுல வெயில் காஞ்சுக்கிட்டே நம்ம பேண்டு கோஷ்டியில இருக்கற எல்லார்கிட்டயும் வசூல் பண்ணி எனக்கு லேப்டாப் வாங்கறான்னா, ட்ரம்பெட் ஊதற நேரம் போக அவனுக்குப் பொழுது நெறைய இருக்குன்னு அர்த்தம். பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. காபி அந்தக் குடுவையில இருக்கு, நீயே ஊத்திக்க. எனக்கு வேணாம், இப்பதான் ஆச்சு. உங்கத்த மார்லீன் சர்ச்சுக்குப் போயிருக்கா. யாரோ செத்துட்டாங்க, துக்கத்துக்கு வந்தவங்களுக்குச் சாப்பாடு. லெமன் பார் இனிப்பு மூடி வெச்சிருக்கா பாரு, எடுத்துக்க.

இதோ, நீங்கல்லாம் சாபம் குடுக்கற லேப்டாப் இதுதான். என் பொண்ணு காலேஜ்ல வெச்சிருந்து, வேணாம்னு விட்டுட்டுப் போனது. கீபோர்டுல கீழ மூலையில ரெண்டு கட்டை இல்ல. பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு, ஒயரைப் புடுங்கினா உடனே மூஞ்சி கறுத்துடும். ஃபேன் சத்தம் பனி வாரற மெஷின் மாதிரி இருக்கும். அதனாலதான் அதை வெளிய வெச்சுட்டு, மைக் ஒயரை மட்டும் கதவுக்கு அடியில விட்டு, நான் கோட்டு அலமாரிக்குள்ள போய் உக்காந்து வாசிச்சுப் பதியறேன். சிரிக்காத. மார்லீனோட கம்பளிக் கோட்டு, என் வேட்டைக் கோட்டு, எல்லாம் சுத்தித் தொங்குதுல்ல, எதிரொலியே வராது. இழுத்து வாசிச்சா அக்கார்டியன் செவுத்துல இடிக்குது, அது ஒண்ணுதான் தொல்ல. ஒரு நாளு போஸ்ட்காரன் பார்சலுக்குக் கையெழுத்து வாங்க வந்தான். கோட்டுக்கு நடுவுலருந்து அக்கார்டியனோட வெளிய வந்தேன். அன்னைலருந்து என்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசறான்.

ஆமாம்மா, இன்டர்நெட்ட அணைச்சுட்டுத்தான் பண்றேன். நீ சொன்ன எல்லாம் பண்ணிட்டேன். வேற எதுவும் தெறந்து வெக்கறதில்ல, அப்டேட்டு கேட்டா மாட்டேன்னு சொல்லிடறேன். போன வருஷம் ஒரு தடவ நல்ல போல்கா டான்ஸ் பாட்டு, கடைசி சுத்து வந்தாச்சு, அது பாட்டுக்கு அப்டேட் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. அன்னிக்கு நான் பேசின பேச்ச அந்தக் கோட்டுங்கதான் கேட்டுச்சு.

இந்த லேப்டாப்பத் திட்டறதுக்கு உங்கப்பன மட்டும் குத்தம் சொல்ல முடியாது. முன்னெல்லாம் பனி விழுந்தா பேண்டையும் மூட்ட கட்டி வெச்சிடுவோம். வெயிலத் தேடிக்கிட்டு பாதிப் பேரு அரிசோனா, ஒருத்தன் ஃப்ளோரிடா. ஏப்ரல்லதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்போம். நீதான், அவங்கவங்க வீட்லருந்தே வாசிச்சு அனுப்புங்க, நான் சேத்துத் தரேன், டான்ஸுக்கு வர்றவங்களுக்கு விக்க சிடி ஆச்சுன்னு ஆரம்பிச்சு வெச்ச. நல்ல யோசனதான். ட்ரம்ஸ்காரன் மொதல்ல தாளத்த அடிச்சு அனுப்புவான், அதக் காதுல மாட்டிக்கிட்டு நாங்க ஒவ்வொருத்தரா மேல வாசிக்கணும்.

மொத வருஷம் ஞாபகம் இருக்கா? நான் அனுப்பினது எல்லாமே தாளத்துக்குப் பின்னாடி நொண்டிக்கிட்டு வந்துது. உங்கப்பன் கத்தினான், நானும் கத்தினேன். அப்புறம் நீதான் ஃபோன்ல பொறுமையாக் கேட்ட, மாமா, மைக் மாட்டற அந்தச் சின்னப் பொட்டியில ஒரு திருகு இருக்குமே, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு. நான் வாசிக்கறது லேப்டாப்புக்குள்ள போய், அது யோசிச்சு, திரும்பி என் காதுக்கு வந்துக்கிட்டு இருந்துது. அதுக்காகக் காத்துக் காத்து நான் வாசிச்சிருக்கேன். திருகினதும் சரியாப் போச்சு. ஒரு குளிர்காலம் பூரா மணி மணியா வாசிச்சேன். உங்கப்பனே நல்லா இருக்குன்னான். அவன் வாயில அது வர்றது எவ்ளோ அபூர்வம்னு உனக்குத் தெரியாததில்ல.

இந்த வருஷம் மறுபடி லேட்டு. அவன் கூப்பிட்டு, இர்வ், உன் டப்பா திரும்பவும் கழண்டுக்கிச்சா, இந்த சிடியாவது உருப்படியா வரணும், இல்லன்னா அக்கார்டியனுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்னான். ஆமாடா, டப்பா கழண்டுக்கிச்சுன்னேன். மறு வாரம் பாத்தா நீ இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கற.

அப்ப ஏன் வேணாங்கறேன்னு கேப்ப. கேளு, ஞாயந்தான்.

இதுல ஒரு கோளாறும் இல்லம்மா. கத்தும், சூடாகும், கட்டை ரெண்டு இல்ல. ஆனா லேட்டு பண்ணல. திருகு நீ சொன்ன பக்கந்தான் இருக்கு. எனக்கும் நம்பிக்கை வரல. ஒரு நாளு மார்லீனக் கூப்பிட்டு அலமாரிக்குள்ள உக்கார வெச்சேன். அவளுக்குப் பாட்டும் தெரியாது ஒண்ணும் தெரியாது. இந்த ஒரே ஒரு கட்டைய, காதுல டொக்கு கேக்கும்போதெல்லாம் அமுத்துன்னேன். அக்கார்டியன மடியில வெச்சுக்கிட்டு, உருளக்கெழங்கு வேகுதுன்னு திட்டிக்கிட்டே அமுத்தினா. ஸ்க்ரீன்ல ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கோடு இருக்கும்ல? அவ அமுத்தினது அத்தனையும் கோட்டு மேலயே வந்து உக்காந்துது. அதே டப்பா, அதே ஒயரு. அப்புறம் நான் உக்காந்து அதே கட்டைய அமுத்தினேன். எல்லாம் கோட்டத் தாண்டி விழுந்துது. ஒண்ணு கொஞ்சமா, ஒண்ணு நெறையா. டப்பா கோளாறுன்னா எல்லாம் ஒரே அளவாத் தள்ளியிருக்கும்ல. அவளும் நின்னு பாத்தா. கெழங்க எறக்கப் போறேன்னு போயிட்டா. அடுப்பங்கரையில தண்ணி ரொம்ப நேரம் ஓடிக்கிட்டு இருந்துது.

இரு, இன்னும் முடிக்கல. நீ அனுப்பின புதுப் பாட்டக் கேட்டேன், அந்த மெதுவான வால்ட்ஸ். நான் எப்படி வாசிச்சேன்னு எனக்குத் தெரியும்ல? நான் அனுப்பினத ஒரு தடவ கேட்டேன், நீ சேத்தத ஒரு தடவ கேட்டேன். உன்னோடதுல நான் கடிகாரம் மாதிரி வாசிக்கறேன். ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாப் புடிச்சு நகத்தி கோட்டு மேல வெச்சிருக்க. ஒரு எடத்தையும் விடல. இல்லன்னு சொல்லாத. தலையக் குனிஞ்சுக்க வேணாம், தப்பு பண்ணினவ மாதிரி. என் வாழ்க்கையில எனக்காக யாரும் இவ்ளோ வேல பாத்ததில்ல. கேட்டப்ப சந்தோஷமாவும் இருந்துது, அவமானமாவும் இருந்துது. கோட்டு அலமாரியில உக்காந்து அழுதேன், அதையும் சொல்லிடறேன்.

உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, கோளாறு லேப்டாப்புல இல்லன்னு. இருந்தும் இந்தப் பொட்டியக் கொண்டாந்து மூஞ்சிய மாத்தாம நிக்கற. உங்கப்பன்கிட்டயும் சொல்லல. வாயக் கட்டற அந்தக் கொணம் உனக்கு அம்மா வழியில வந்திருக்கணும்.

ஆனா நீ சிடியில நகத்தலாம். ஆகஸ்ட்ல மாவட்டத் திருவிழா, பீர் கூடாரம், அந்த மேடையில என்ன பண்ணுவ? கீழ கெழவனும் கெழவியும் கையப் புடிச்சுக்கிட்டுச் சுத்துவாங்க. பாதிப் பேருக்கு ஆபரேஷன் பண்ணி இடுப்பு மூட்டு மாத்தியிருக்கு. அக்கார்டியன நம்பித்தான் கால வெக்கறாங்க. நான் லேட்டா வந்தா ஒருத்தர் தடுக்கி இன்னொருத்தர் மேல விழுவாங்க. பக்கத்து ஊரு கெய்லக் கேளு. என்னவிட நல்லாவே வாசிப்பா, இத்தன நாளு நான் ஒத்துக்கல, அவ்ளோதான். இந்த லேட்டு ஆரம்பிச்ச டிசம்பர்லயே கேட்டிருக்கணும் நீங்க.

இந்தக் கைதான். மொதல்ல சுண்டு விரல் மட்டும் சொல்பேச்சு கேக்கல. இப்ப மூணு விரல். டாக்டரம்மா போன மாசம் பேரும் சொல்லிட்டா, பார்க்கின்சன் நோவுன்னு. மாத்திரை இருக்கு, நடக்கலாம், வண்டி கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம். போல்கா பத்தி நான் கேக்கல, அவளும் சொல்லல.

அதனால ஒரே ஒரு உதவி பண்ணும்மா. பொட்டிய உங்கப்பனுக்கே அனுப்பிடு. அனுப்பும்போது, அந்த இர்வ் ஒரு முரட்டுக் கழுத, பழைய டப்பாவ விட மாட்டேங்கறான், புதுசு கத்துக்க மாட்டேங்கறான், கோவிச்சுக்கிட்டு பேண்டையே விட்டுட்டான்னு சொல்லிடு. திட்டுவான். ஃபோன் போட்டு அரை மணி நேரம் திட்டுவான். திட்டட்டும், நான் கேட்டுக்கறேன். அவன் என்னத் திட்டாம, எப்படிரா இருக்கன்னு மெதுவாக் கேட்டான்னு வெச்சுக்க, அதைத்தான் என்னால தாங்க முடியாது.