ரெய்ண்டர் வீட்டில் நான் நீக்கிய கோப்பு

யார் வீட்டுக்குக் கணினி பார்க்கப் போனாலும் என் விசைப்பலகையை நானே எடுத்துக்கொண்டு போவேன். மற்றவர்களுடையதில் ரொட்டித் துகளும் பூனை மயிரும் சிக்கியிருக்கும். அதில் விரல் வைக்க எனக்குப் பிடிக்காது. அன்று ரெய்ண்டர் வீட்டுக்கும் அதைத்தான் எடுத்துப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கட்டளையை அடித்தது யார் என்று நீங்கள் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை. அடித்தது நான்தான்.

இரண்டு பக்கத்துக்கு மிகாமல் விளக்கம் எழுதித் தரும்படி சங்கத் தலைவி டீனெக்கே கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் என் விவகாரம் நான்காவது பொருளாம். மூன்றாவது, காபி இயந்திரத்தை யார் கழுவுவது என்பது. பரவாயில்லை, உங்களுக்கு எது முக்கியமோ அது முன்னால் வரட்டும்.

பழைய கணினிகளில், யாரும் படித்துப் பார்க்கக்கூடிய லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுப்பதற்காக இந்தச் சங்கத்தை க்ரோனிங்கன் நகரில் ஆரம்பித்தவர்கள் ஐந்து பேர். அதில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். அன்று எங்களுக்கு இருந்தது ஒரே விதி: மனிதன் படித்துப் பார்க்க முடியாத எதையும் அவன் கணினிக்குள் வைக்க மாட்டோம். இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறைக்கு வந்து உட்காரும் உங்களுக்கும் ஒரே விதிதான். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது.

உங்களில் பாதிப் பேருக்கு ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று இன்னும் தெரியாது. எனவே சொல்கிறேன். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு கண் விழிக்க வேண்டுமானால், அதைச் செய்த கம்பெனி தரும் ஒரு சிறிய கோப்பை முதலில் அதற்கு ஊட்ட வேண்டும். கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருள் நம்முடையது, வரிவரியாகப் படிக்கலாம். ஃபர்ம்வேர் என்னும் இந்தக் கோப்பு மட்டும் மூடியது. உள்ளே என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்காரனுக்கு மட்டுமே தெரியும். அது இல்லாவிட்டால் புதிய கார்டுகள் பெரும்பாலும் வேலை செய்யாது.

போன வருஷம் இந்தக் கோப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் ஷூர்ட். நல்ல பேச்சுக்காரன். படிக்கிற பழக்கம் இல்லாதவர்களிடையே பேச்சுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. நான் அரைமணி நேரம் காரணங்களை எடுத்துச் சொன்னேன். அவன் நாற்காலியில் சாய்ந்தபடியே பதில் சொன்னான்.

"யோவ் வீபோ, ஜனங்களுக்குத் திரையில படம் தெரியணும்யா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு எந்தப் பாட்டி வந்து உங்கிட்ட கேட்டா?"

எல்லோரும் சிரித்தீர்கள். பத்தொன்பது கைகள் அவனுக்கு, நான்கு எனக்கு. அந்த நான்கிலும் ஒருவர் கை தூக்கியது காபி கேட்பதற்காக என்று பிறகு தெரிந்தது. அன்று முதல் உங்கள் எல்லோரையும் நான் வெறுத்தேன் என்பதை எழுதிவைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ரெய்ண்டரை நீங்கள் அறிவீர்கள். செய்தித்தாள் ஒன்றில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். நரம்புகளைத் தின்னும் வியாதி வந்து கை, கால், நாக்கு எல்லாம் போய், கடைசியில் கண்கள் மட்டும் மிஞ்சின. திரையில் எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்தில் கண் நிற்கிறது என்று கீழே உள்ள கேமரா பார்க்கும். வார்த்தை சேர்ந்ததும் கணினி அதைச் சத்தமாகச் சொல்லும். பழைய கார்டு அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று புதியதைப் போட்டு, மூடிய கோப்பையும் ஊட்டியவன் ஷூர்ட். நம் வழக்கப்படி என்ன செய்தோம் என்று ஒரு சீட்டு எழுதிக் கணினிப் பெட்டிக்குள் ஒட்டியும் வைத்தான். 'இந்தக் கோப்பை எடுக்காதீர்கள், இவர் பேச்சே இதில்தான்' என்று அதில் எழுதியிருந்தான்.

பிறகு லினக்ஸின் புதிய பதிப்பு இறங்கியது, திரை நடுங்க ஆரம்பித்தது. ஷூர்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூரில் கூடாரம் போடப் போயிருந்தான். டீனெக்கே என்னை அனுப்பினார்.

கதவைத் திறந்த ரெய்ண்டரின் மனைவி ஹில்யே என் கோட்டைக்கூட வாங்கி மாட்டவில்லை.

"வாங்க வீபோ, வாங்க. ரெண்டு நாளா திரை துடிச்சிக்கிட்டே இருக்கு. ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள அவரு களைச்சுப் போயிடறாரு. வியாழக்கிழமை மார்லேன் வர்றா, நார்வேயில ட்ரோம்சோலேர்ந்து. அப்பாவும் பொண்ணும் பேசி ஆறு வருஷம் ஆச்சு."

"சொல்ல வேண்டியத முன்னாடியே எழுதி வச்சுக்கலாமே," என்றேன்.

"மாட்டேங்கறாரு. அவ கேக்கறதக் கேட்டு, அதுக்கு பதில் சொல்லணுமாம். சண்டைய ஆரம்பிச்சது நானு, முகத்தப் பாத்துத்தான் முடிப்பேங்கறாரு."

உள்ளே சக்கர நாற்காலியில் ரெய்ண்டர் இருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நடுங்கும் எழுத்துகளில் வெகுநேரம் கண்ணை நிறுத்தி நிறுத்தி ஒன்றைச் சேர்த்தார். கணினி சொன்னது: "ஷூர்ட் வரலியா?"

கை கழுவிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். நம் ஊரில் எல்லா வீட்டிலும் போல அங்கே பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. வியாழக்கிழமையான பதினான்காம் தேதியில் யாருடைய பிறந்தநாளும் இல்லை. சிவப்பு மையில் 'மார்லேன்' என்று எழுதிச் சுழித்திருந்தார்கள். ஆகவே, தேதி எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

கோளாறு என்னவென்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு அதே கோப்பின் புதிய வடிவம் வேண்டும். இறக்கிப் போட ஐந்து நிமிஷம் போதும். நான் அதைப் போடவில்லை. இருந்ததையும் சுத்தமாக நீக்கினேன். நீக்கும்போது லினக்ஸ் தான் எதை நீக்குகிறது என்று வரிவரியாகத் திரையில் எழுதும். நம் மென்பொருளின் அழகே அதுதான், மனிதனிடம் எதையும் ஒளிக்காது. பிறகு கணினியை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையின் மூலையில் வெள்ளையாகச் சில எழுத்துகள் வந்து நின்றன. அவ்வளவுதான்.

"கார்டு செத்துப்போச்சு," என்றேன்.

"வியாழக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு..."

"நாங்க போடக்கூடிய கார்டு வர்றதுக்கு மூணு வாரம் ஆகும்."

பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் திறந்து, ஷூர்ட்டின் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் பிழை திருத்திய மனிதர், திரையில் ஓடிய ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார். அவருடைய கண்கள் பெட்டிக்கும் எனக்குமாகப் போய்ப் போய் வந்தன. அதைக் கண்ட ஹில்யே, கணினி வருவதற்கு முன் வைத்திருந்த எழுத்து அட்டையை எடுத்துவந்து வரிசை வரிசையாக விரலை நகர்த்தினாள். சரியான எழுத்து வந்தால் அவர் கண்ணை மூடித் திறப்பார். கால்மணி நேரத்தில் இரண்டு வார்த்தைகள் வந்தன: 'இவர் எடுத்தார்.'

"என்னத்த எடுத்தாரு? யாரச் சொல்ற ரெய்ண்டர்?"

அவருடைய கண்கள் என் மேல் நின்றன. வேறெங்கும் போகவில்லை.

ஹில்யேவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். "மனசுல வச்சுக்காதீங்க. இந்த வியாதி முத்தினா சிலருக்கு இப்படிச் சந்தேகம் வரும்னு படிச்சிருக்கேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

நான் அப்படி எதையும் படித்ததில்லை. அவள் அழுதாள். "உங்களப் போயி... மன்னிச்சிடுங்க வீபோ," என்றாள். பிறகு திராட்சை ரொட்டி வெட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

அவள் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். ரெய்ண்டர் மனசு அமைதியாக இருக்க அவர் மருந்து கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு எழுத்து அட்டைக்குக் கண் மூடித் திறக்கும் அளவுக்குக்கூட ரெய்ண்டருக்கு விழிப்பு இல்லை. மார்லேன் வியாழக்கிழமை வந்தாள். இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை அவர் இறந்துபோனார்.

கணினியை மார்லேன் ஷூர்ட்டிடம் திருப்பிக் கொடுத்தாள். எந்தக் கோப்பு எந்த நேரத்தில் நீக்கப்பட்டது என்று லினக்ஸ் குறித்துவைக்கும் பதிவை அவன் பார்த்திருக்கிறான். காலை பத்து நாற்பத்திரண்டு. கோப்பைத் திரும்பப் போட்டானாம், திரை உடனே வந்ததாம். எனக்குப் போன் செய்தான்.

"ஏன்யா வீபோ? என்னத் திட்டியிருக்கலாமேயா. அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டுச்சு, அப்பா ஒரு தடவ முழிச்சு என்னையே பாத்தாரே, என்ன சொல்ல வந்தாரு தெரியுமான்னு. நான் என்னய்யா சொல்றது?"

முதல் முறையாக அவன் பேச்சில் கிண்டல் இல்லை. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

அந்தப் பதிவை அழிக்க எனக்கு ஒரு வரி போதும். நான் அழிக்கவில்லை. கொள்கை உள்ளவன் எதையும் ஒளிப்பதில்லை. ஒரு மனிதனின் கடைசிப் பேச்சை, அதுவும் மகளுக்கு வைத்திருந்த பேச்சை, நான் தெரிந்தே பறித்தேன் என்று டீனெக்கே எழுதியிருக்கிறார். வாக்கியம் சரியாக இருக்கிறது, ரெய்ண்டரே பார்த்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டார். ஆனால் படிக்க முடியாத ஒரு கோப்பை நம்பிப் பேசியவர் அவர். அந்தக் கணினி அந்தச் சில நாட்களாவது சுத்தமாக இருந்தது.

டீனெக்கேயின் கடிதத்தின் கடைசியில், ஷூர்ட்டின் யோசனையாகத்தான் இருக்கும், ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக் கணினியில் அந்த மூடிய கோப்பு இருக்கிறதா?

இருக்கிறது. மூன்று வருஷமாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் என் திரையில் எழுத்துகள் மங்கி நடுங்குகின்றன, எனக்கோ கண் கொஞ்சம் பலவீனம். கண்ணும் போய்விட்டால் அப்புறம் ஒரு மனிதனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?