பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும்

இரவு மணி இரண்டு ஐம்பது. ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தின் நீளமான சுவர். நடுவில் ஒரு கார் தலைதெறிக்கப் பறந்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் காலில் செருப்புகூட இல்லை...

யாரது சிரிப்பது? சிரிக்கிறவர்கள் எழுந்து வெளியே போய்ச் சிரியுங்கள். இது காதில் பூச்சுற்றுகிற கதை இல்லை. என் சிநேகிதனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. சொல்லும்போது சிநேகிதன் தன் ஃபோனை எடுத்துத் தலையணைக்கு அடியில் திணித்ததை நான் பார்த்தேன். யாரும் விளக்கைப் போடக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அந்த அக்கா புருஷனுக்குப் பல்கலைக்கழகத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வேலை. ஆய்வகங்களுக்கு மின்சாரம் என்றால் பகாசுரப் பசி. மைனஸ் எண்பது டிகிரியில் ஓடுகிற ஒரே ஒரு ஃப்ரீசர், ஒரு குடும்பம் எரிக்கிற மின்சாரத்தைத் தனியாக விழுங்கிவிடும். இவர் இரவில் போவார். ஆளில்லாத அறையில் எரிகிற விளக்கை அணைப்பார். சும்மா சூடாகிக் கிடக்கிற அடுப்பை நிறுத்துவார். விஷ ஆவியை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுகளை இழுத்து மூடுவார். நிறுத்தலாம் என்றால் பச்சை ஸ்டிக்கர், நிறுத்தவே கூடாது என்றால் சிவப்பு. எதற்கு எது என்று முடிவு செய்வதும் அவர்தான். வேலை நல்ல வேலைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷருக்கு வாய் ஜாஸ்தி. மண்டைக்கனம் அதைவிட ஜாஸ்தி. அவருக்கு அங்கே வைத்த பெயர், சுவிட்ச்.

மூன்றாவது மாடியில் ஒரு டாக்டரம்மா. பிறவி நோயுள்ள குழந்தைகளின் ரத்தத்தை ஒன்பது வருஷமாகச் சேர்த்து நாலாம் நம்பர் ஃப்ரீசரில் வைத்திருந்தார். அந்தக் குழந்தைகளில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. திரும்பப் போய் எடுக்க முடியாத ரத்தம்.

"பாதி காலியாத்தானே கிடக்கு? எதுக்கும்மா தனி ஃப்ரீசர்? மூணாம் நம்பர்ல சேர்த்து வைங்க."

"கை வச்சீங்கன்னா ஒடிச்சிருவேன். வாசல்ல நின்னு பேசுங்க."

"ஊர் கரண்டை ஒத்தை ஆளா தின்னுட்டு, பேச்சைப் பாரு!"

"போய்யா, சுவிட்சு!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுவிட்சுக்கு முகம் செத்துப் போயிற்று.

அன்று இரவே போய், நாலாம் நம்பரின் பிளக்கைப் பிடுங்கினார். கதவைத் திறக்காத ஃப்ரீசர் விடியும்வரை குளிர் தாங்கும், காலையில் மாட்டிவிட்டு, 'பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லலாம் என்று நினைப்பு. அது பழைய ஃப்ரீசர். தாங்கவில்லை.

அதன் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும். குளிர் குறைந்தால் அது தானாகவே ஃபோன் போடும். கதவில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்களுக்கு, வரிசைப்படி. எடுத்தவர் ஒன்றை அழுத்தினால் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று பொருள். அவர் பெயர் பதிவாகிவிடும். அழுத்தாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும். செய்தியை டாக்டரம்மா தன் குரலிலேயே பதிந்து வைத்திருந்தார். ஜலதோஷம் பிடித்த நாள் போலிருக்கிறது. முதலில் ஒரு சின்னச் செருமல்... அப்புறம், "ஃப்ரீசர் எண் நான்கு. குளிர் குறைகிறது. பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும்."

அன்று தாளில் இருந்தது ஒரே எண், டாக்டரம்மாவுடையது. இரண்டே முக்காலுக்கு அவர் குரலே அவரை எழுப்பியது. ஒன்றை அழுத்தினார். ஸ்கூட்டரை எடுத்தார். ஏரிக்கரை வளைவில் ஒரு லாரி...

சேதி தெரிந்ததும் சுவிட்ச் என்ன செய்தார் தெரியுமா? ஓடிப்போய் பிளக்கை மாட்டினார். அறிக்கையில் எழுதினார்: "கதவு சரியாக மூடப்படவில்லை. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு." செத்தவள் தலையில் பழியைப் போட்டான் பாவி! இனிமேல் அவனுக்கு மரியாதை கிடையாது, அவன்தான்.

உருகிய ரத்தமெல்லாம் குப்பைக்குப் போயிற்று. நாலாம் நம்பரை நிரந்தரமாக நிறுத்தி, பிளக்கில் தன் கையாலேயே மஞ்சள் டேப்பைச் சுற்றினான். அதையும் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

மூன்று மாதம் போயிற்று. ஓர் இரவு, இரண்டே முக்கால். அவன் ஃபோன் அடித்தது. எடுத்தான்.

செருமல்.

"ஃப்ரீசர் எண் நான்கு. குளிர் குறைகிறது. பொறுப்பேற்க..."

செத்துப்போன டாக்டரம்மாவின் குரலேதான். அழுத்தினால் நாலாம் நம்பருக்கு நேராக அவன் பெயர் ஏறும். ஏன், எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். ஃபோனை அணைத்துப் போட்டான்.

மறுநாள் படுக்கும்போதே அணைத்துவிட்டான். இரண்டே முக்காலுக்கு அவன் பெண்டாட்டியின், அதான் சிநேகிதனுடைய அக்காவின், ஃபோன் அடித்தது.

"யாரோ ஒரு அம்மாங்க... செருமிட்டு, ஏதோ ஃப்ரீசர்ங்கறாங்க. ஒண்ணை அமுக்கணுமாம். அமுக்கட்டுமா?"

பாய்ந்து பிடுங்கினான்.

"ஏங்க, கையெல்லாம் இப்படிச் சில்லுனு இருக்கு? யாரு அது?"

"ராங் நம்பர். பேசாம படு."

மூன்றாம் நாள் இரண்டு ஃபோனையும் அணைத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். அணைத்துவிட்டால் தீர்ந்தது. வாழ்க்கையில் அவன் கற்றது அது ஒன்றுதான்.

இரண்டே முக்கால்... சத்தமில்லை. இரண்டு நாற்பத்தாறு... சத்தமில்லை. அப்பாடா என்று திரும்பிப் படுத்தான். படுத்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அழுத்தாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும்.

அவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவார்கள். அதே பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ ஆராய்ச்சி மாணவி. ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாக அறை எடுத்திருந்தாள். ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தாள், வர வேண்டியது அதே ஏரிக்கரை வளைவு வழியாகத்தான். ஃப்ரீசர் கூப்பிடுகிறது என்றால் ஆய்வகத்துப் பிள்ளைகள் யாருடையது என்றுகூடக் கேட்க மாட்டார்கள், எழுந்து ஓடுவார்கள்.

பூட்டைத் திறந்து ஃபோனை உயிர்ப்பித்துப் பாப்பாவுக்கு அடித்தான். வேறொரு அழைப்பில் இருந்தாள். மறுபடி அடித்தான். மணி போயிற்று... போயிற்று... எடுக்கவில்லை.

அப்படித்தான் அந்தக் கார் பறந்தது. வளைவில் யாரும் இல்லை. மூச்சு வந்தது. முந்திவிட்டோம், மேலே போய் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டு, வாசலிலேயே பிள்ளையை மடக்கிவிடலாம்.

மூன்றாவது மாடி. நடைபாதையில் ஸ்பிரிட் வாடை, அதற்கு அடியில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அப்புறம் அந்தச் சத்தம்...

ம்ம்ம்ம்ம்...

நாலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் டேப் சுற்றிய பிளக் தரையில் கிடந்தது. சுவரில் பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள்தான் இருந்தன. கதவில் தாள். டாக்டரம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் மூன்று எண்கள். அவனுடையது. அக்காவுடையது. மூன்றாவது, பாப்பாவுடையது.

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. கேட்கக்கூட நிற்கவில்லை. ஒன்றை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

"நான்தாம்மா... நான்தான் பிடுங்கினேன். கதவு மூடித்தான் இருந்துச்சு, உங்க மேல தப்பே இல்ல. என் பேரை எழுதிக்கோங்க. பாப்பா வேணாம்மா, அவ ஒண்ணும் பண்ணல, அவளை விட்டுடுங்க..."

செருமல்.

"மன்னிக்கவும். இந்த அழைப்பை மூன்றாவது எண் ஏற்றுக்கொண்டுவிட்டது."

ஜன்னலுக்கு வெளியே, ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன். நீளமாக... நீளமாக... யாரும் அதை நிறுத்தவில்லை.