ஜனவரியில் துளிர்த்த அத்தி

கார் ஷெட்டு ஹீட்டரை அணைக்கறது மட்டும் முடியாது தம்பி. வேற ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க.

தெரியும், தெரியாம என்ன? தொட்டி அத்தி குளிர்காலம் பூரா தூங்கணும். இலை கொட்டினதும் சாக்கைச் சுத்தி கார் ஷெட்டுல தள்ளிட்டாப் போதும், எப்பவாச்சும் ஒரு டம்ளர் தண்ணி. வெதுவெதுப்பு பட்டுச்சுன்னா வெயில் காலம் வந்துருச்சுன்னு ஏமாந்து துளிர் விட்டுரும். விட்டுருச்சு. அதுக்குத்தான் இந்தப் பனியில பஸ் ஏறி உங்க நர்சரிக்கு வந்து நிக்கறேன்.

யாரு, எங்க வீட்டுக்காரரா? நல்லா கேட்டீங்க போங்க. சவேரியோவுக்குத் தெரியாத அத்தியா! இத்தாலியில கலாப்ரியாவுலேர்ந்து டொராண்டோவுக்குக் கப்பல் ஏறும்போது கோட்டுக்குள்ள குச்சியை ஒளிச்சுக் கொண்டாந்த மனுஷன். அவருகிட்ட கேக்க முடிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வரேன்?

முட்டி வலி அவருக்கு, ஷெட்டுப் பக்கம் தினம் வரமாட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வந்து சாக்கை விலக்கி ஒரு பார்வை பாப்பாரு. ஜனவரியில பச்சை தெரிஞ்சா எல்லாம் புரிஞ்சுரும். அதான் தினம் காலையில நான் போயி நகத்தால கிள்ளி எறிஞ்சிடறேன். இந்தா, விரலைப் பாருங்க, அத்திப்பால் பட்டுப் பட்டுப் புண்ணாப் போச்சு.

என்ன புரியுமா? மரத்துக்கு யாராச்சும் ஹீட்டர் வைப்பாங்களா தம்பி? அந்த ஷெட்டுல என் மகன் இருக்கான். நிக்கோதேமோ. வயசு நாப்பது ஆகுது, குடி விடமாட்டேங்குது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, மீன் சாப்பாட்டு மேசையில, சொந்தக்காரங்க எல்லாரும் பாக்க அப்பா மேலயே கையை ஓங்கிட்டான். இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. பொண்டாட்டி எப்பவோ துரத்திட்டா. இந்தக் குளிர்ல எங்க போவான்? கார் ஷெட்டு வீடு இல்லையேன்னு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டு பின்பக்கமா கூட்டிட்டு வந்து படுக்க வச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் வெளிய அனுப்பிடுவேன்.

மரம் செத்துரும்தான். கிள்ளக் கிள்ளத் துளிர்க்குது, அதுவும் எத்தனை நாள் தாங்கும்? ரெண்டுமே அவரு வளத்தது தம்பி. ஒண்ணைக் காப்பாத்தப் போயி இன்னொண்ணைக் கொல்றேனே.

இருங்க, முழுசாக் கேளுங்க. இன்னிக்குக் காலையில கிள்ளலாம்னு போனேன். ஒரு துளிர்கூட இல்ல. இல்ல இல்ல, நின்னு போகல. எனக்கு முன்னாடியே யாரோ எடுத்திருக்காங்க.

நிக்கோவா? அவனுக்குத் துளிரும் தெரியாது, தழையும் தெரியாது. வாயைப் பொளந்து தூங்கிட்டு இருந்தான். அதுவும் நகத்தால கிள்ளினதில்ல, கத்தி வெட்டு. ஒவ்வொரு வெட்டுலயும் பால் வடியாம அடுப்புச் சாம்பலைத் தொட்டு வச்சிருக்கு. அந்த வேலை எங்க வீட்டுல ஒருத்தருக்குத்தான் தெரியும்.

காபி குடிக்கும்போது அவரு வாயைத் தொறக்கல. நானும் கேக்கல. ஞாயித்துக்கிழமை பச்சையைப் பாத்துட்டா மகனைப் பத்திப் பேசியாகணும் இல்லையா? அதான் பாக்காம இருக்க வழி பண்ணிக்கிட்டாரு போல.

அதனால ஹீட்டரை விடுங்க. இது ஒண்ணை மட்டும் சொல்லுங்க தம்பி, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கிள்ளினா அந்த மரம் குளிர் விடற ஏப்ரல் வரைக்கும் தாங்குமா?