தேவ சமாதானம் சொல்லாத ஆறு மாசம்

அலோ… யாரு? சத்தமா பேசுங்க, பேக்கிங் ஷெட்டு பெல்ட்டுல வாழப்பழப் பெட்டி ஓடிக்கிட்டிருக்கு… ஆமா, எர்மெலிண்டாதான்… பாஸ்டர் அப்தியாஸா! அடேயப்பா…

என்னது? ‘தேவ சமாதானம், சகோதரி’யா? இப்ப எனக்கும் அது உண்டா?… இல்ல, கேட்டேன். நாள் பூரா பழம் கழுவுற தொட்டித் தண்ணியில நனையுற நான் பேன்ட் போட்டேன்னு, ஆறு மாசம் என்னையத் தண்டனையா கடைசி பெஞ்சில ஒக்கார வச்சீங்கள்ல? அப்பத்தான எம் புருஷன் செத்தாரு. சவப்பெட்டி பக்கத்துல நின்னு, ‘மாலை வணக்கம், எர்மெலிண்டா’ன்னீங்க. மாலை வணக்கம்! ரேடியோக்காரன் மாதிரி! தண்டனையில இருக்கிறவளுக்கு தேவ சமாதானம் சொல்லக் கூடாதாம்…

சரி, சரி… ஆமா, ஆமா, கேள்விப்பட்டேன். உங்க மக டமாரிஸ் கல்யாணம் ஆகாமப் பிள்ள பெத்துட்டாள்னு, சான் பெத்ரோ தலைமைச் சபைப் பெரியவங்க உங்களையும் அந்த பெஞ்சுக்கே அனுப்பிட்டாங்களாமே. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், பாத்து ஒக்காருங்க… சிரிக்கல பாஸ்டர். இருமுறேன்.

…என்ன? பிள்ளைய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை ஜெபம் பண்ண மாட்டாங்களாமா? பச்ச மண்ணு, அது என்ன பண்ணுச்சு?… அந்த விதிய எழுதுனது யாரு, நீங்கதான?…

நானா? நான் ஜெபம் பண்ணணுமா?… வியாழக்கிழம எங்க கொல்லையில கூடுறது சபையே இல்ல, நொண்டிக் கோழிக் கூட்டம்னு மைக்குல சொன்னது யாரு?… ஆமா, கோழிங்கதான். பதினோரு கோழி. எல்லாம் நீங்க வெரட்டுனது. ஆளுக்கொரு வசனம் எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம், பாதி தப்பு…

ரெண்டு வருஷம் என்னால வாய் தெறந்து ஜெபம் பண்ண முடியல, தெரியுமா? ஆரம்பிச்சா தொண்டையில உங்க குரல் வந்து ஒக்காந்துக்கும்… அழாதீங்க. கேக்கவே நல்லால்ல… இது உங்க மக கேட்டதா, இல்ல உங்க மானத்துக்காகவா?… அவகிட்ட போனக் குடுங்க. குடுங்கன்னா!

…டமாரிஸு? ஆமாடி, நான்தான்… தேவ சமாதானம், மகளே… ஏய், இப்ப நீயும் அழ ஆரம்பிக்காத… சரி. வியாழக்கிழம பிள்ளையக் கொண்டா… உங்கப்பாவா? வரட்டும். பிரசங்கம் பண்ணுனா காபி கிடையாது, சொல்லிடு…

பிள்ள பேரென்ன?… என்னது? ஹெப்சிபாவா! உங்கப்பன் தேடிப் பிடிச்ச பேரா?… இரு, பெட்டி அட்டையில எழுதிக்கிறேன். நான் பேர மாத்திச் சொன்னா ஆண்டவரு வேற யாரையாச்சும் ஆசீர்வதிச்சுட்டுப் போயிடுவாரு… ம், மெதுவா. ஒவ்வொரு எழுத்தா… ‘ஹெ’… ம்… ஷெட்டுல வேலைக்கு மணி அடிச்சுட்டான். அடிக்கட்டும், நீ சொல்லு… அலோ?… டமாரிஸு? லைன் போயிடுச்சா? அலோ?…